முதியோரும் முதற் கடற்பயணமும்

மைசூர் நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 760 மீட்டர் உயரத்தில், கடற்கரையினின்று வெகுதொலைவில் அமைந்துள்ளது. இங்கே வாழ்நாள் முழுதும் உழைத்து ஓய்வுபெற்ற பலருக்கு, ஒருமுறையேனும் கப்பலேறிப் பார்க்க வேண்டும் என்னும் ஆவல் உண்டு. இவ்வாவல் இயல்பானதே. ஆயினும் விளம்பரங்களில் காணும் விருந்தும், நீச்சற் குளமும், ஆடலும் பாடலும் நம் தேர்வை முடிவு செய்தல் ஆகாது. முதியவர் முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: கப்பலிலிருந்து கரையில் இறங்குவது எவ்வாறு?

இவ்வினாவின் அருமையை இரு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் சுற்றுலாக்களில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் முதலிய தீவுகளைக் காணலாம். ஆனால், பவளப் பாறைகள் சூழ்ந்த தீவுகள் பலவற்றில் பெரிய கப்பல் கரையை அணுக இயலாது. அது தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் அலையில் ஏறி இறங்கும் சிறு படகுக்கு மாற வேண்டும். மாறாக, 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்னும் துறைமுகங்கள் அதன் பயணத்தில் இடம்பெற்றன. கப்பல் துறையை ஒட்டி நிற்குமிடத்தில் நடைபாலத்தின் வழியே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கலாம். முழங்கால் வலியுடையோர்க்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது. எனவே, செல்லும் ஒவ்வோர் இடத்திலும் படகு மாற வேண்டுமா என்பதைச் சீட்டு வாங்குமுன் கேட்டறிதல் வேண்டும்.

நம் உடலின் ஆற்றலை அறிய ஊரருகிலேயே ஒரு வழி உண்டு. சீரங்கப்பட்டணத்தை அடுத்த ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தில், காவிரியில் படகேறிப் பார்க்கலாம். அமைதியான ஆற்றிலேயே படகில் கால்வைக்கப் பிறர் இருவர் தாங்க வேண்டியிருப்பின், படகு மாறும் கடற்பயணத்தைத் தவிர்ப்பதே நலம்.

அடுத்து, பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடலில் புயல்கள் தோன்றும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலம் பொதுவாக அமைதியானது. முதற் பயணம் இரண்டு அல்லது மூன்று இரவுகளுக்கு மேற்படாதிருத்தல் நன்று.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. மின்தூக்கிக்கு அருகில் இருப்பின் நடை குறையும். கண் காண்பதும் உட்செவி உணர்வதும் வேறுபடுவதால் கடல் மயக்கம் உண்டாகிறது. மேல்தளத்தில் நின்று தொடுவானத்தை நோக்கினால் அது ஓரளவு தணியும். மயக்கத்தைத் தடுக்கும் மருந்துகளுள் சில உறக்கம் தருவதோடு, கண் நீரழுத்த நோய் உடையோர்க்கும், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுவோர்க்கும் தீங்கு விளைக்கக்கூடும். ஆதலால் நம் மருத்துவரைக் கேளாது அவற்றை உட்கொள்ளலாகாது.

பெரிய கப்பல்களில் மருத்துவர் இருப்பார். ஆனால் பெரிய மருத்துவமனையின் வசதிகள் இரா. கடுநோய் நேர்ந்தால் அடுத்த துறைமுகம்வரை காத்திருக்க நேரலாம். எனவே அன்றாட மருந்துகளைச் சில நாட்களுக்கு மிகுதியாகக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். நம் காப்பீடு கடலிலும் அயல்நாட்டிலும் செல்லுபடியாகுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இலங்கைக்குப் பாஸ்போர்ட்டும், லட்சத்தீவுக்கு முன்னனுமதியும் தேவை. மைசூரிலிருந்து சென்னைக்கோ கொச்சிக்கோ ஒரு நாள் முன்னதாகவே சென்று இளைப்பாறிய பின் கப்பலேறுவது உசிதம்.

பிள்ளைகள் அன்போடு பயணத்திற்கு ஏற்பாடு செய்யும்போது, “எனக்குப் படி இறங்க இயலாது” என்று கூறப் பெரியோர் பலர் கூசுகின்றனர். அக்கூச்சத்தால் பின்னர் கப்பலில் வருந்துவதைவிட, தம் இயலாமையை முன்னரே எடுத்துரைப்பது யாவர்க்கும் நன்மை. தக்க கப்பலையும் தக்க பருவத்தையும் தேர்ந்துகொண்டால், எழுபது வயதிலும் கடலின் நடுவே கதிரவன் எழுவதைக் கண்டு மகிழலாம்.