இருவர் பார்க்க, ஒருவர் கேட்க

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. ஊதிக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பார்வையில்லாதவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்தால், வசனம் இருக்கிறவரை கதையோடு போய்விடலாம். வசனம் நின்றால்தான் சிக்கல். ஒருத்தி கடிதம் படிக்கிறாள், கிழிக்கிறாள், துண்டுகளைக் கைப்பையில் திணிக்கிறாள் என்றால், காதில் விழுவது காகிதச் சத்தமும் ஜிப் சத்தமும்தான். அந்த இடைவெளியில் ஒரு குரல் வந்து, நடப்பதை நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு, அடுத்த வசனம் தொடங்குமுன் ஒதுங்கிக்கொள்ளும். ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்பது அதுதான். நாம் காட்சி வர்ணனை என்று வைத்துக்கொள்வோம்.

1981-இல் வாஷிங்டன் நகரின் அரீனா ஸ்டேஜ் நாடக அரங்கில் இதைத் தொடங்கிவைத்த இருவரில் ஒருவரான மார்கரெட், பார்வையிழந்தவர். பாஸ்டனின் டபிள்யூ.ஜி.பி.எச். நிலையம் 1990-இல் இதை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனது. ஆனால் இது எப்படிப்பட்ட கூட்டு வேலை என்று தெரிய வேண்டுமானால் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். அங்கே இசட்.டி.எஃப். நிலையம் 1993-இல் வர்ணனையோடு படம் ஒளிபரப்பியது. பிறகு பவேரியாவின் பொது ஒலிபரப்பு நிலையமான பாயரிஷர் ருண்ட்ஃபுங்க் இதற்கென்றே ஆட்களைப் பழக்கியது. அங்கே வேர்பிடித்த வழக்கப்படி, வர்ணனையை எழுதுவது மூன்று பேர். இருவருக்குப் பார்வை உண்டு, ஒருவருக்கு இல்லை. அந்த மூன்றாமவர் எல்லாம் முடிந்தபின் வந்து சரிபார்த்துத் தலையாட்டுகிறவர் அல்ல. முதல் காட்சியிலிருந்து கூடவே உட்கார்ந்து எழுதுகிறவர்.

வேலை நடக்கும் விதம் இது. படத்தை ஓடவிடுகிறார்கள். ஏதோ ஒரு சத்தம். "என்ன அது? கதவா, பீரோவா?" என்று பார்வையற்றவர் கேட்கிறார். படத்தை நிறுத்துகிறார்கள். மற்ற இருவருக்கும் அப்படியொரு சத்தம் வந்ததே நினைவில்லை. கண் பார்த்துவிட்டதால் காது அதைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை. போன் மணி அடிப்பதற்கு மட்டும் அவர்கள் ஒரு வரி எழுதி வைத்திருப்பார்கள். "அதுதான் கேட்கிறதே" என்று இவர் அடிக்கச் சொல்லிவிடுவார். எது விளங்கவில்லை, எது ஏற்கெனவே விளங்கிவிட்டது என்ற இரண்டையுமே கண் தெரிந்தவர் ஊகிக்கத்தான் முடியும்.

பார்க்கிறவர் ஒருவர் போதாதா என்று தோன்றும். போதாது. குளோஸ்-அப்பில் ஒரு முகம் வருகிறது. ஒருவர் "கோபமாகப் பார்க்கிறார்" என்கிறார், இன்னொருவர் "இல்லை, சோர்ந்துபோயிருக்கிறார்" என்கிறார். இருவரும் மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் திரையில் உள்ளபடி "புருவம் சுருங்குகிறது, கண்ணை மூடிக்கொள்கிறார்" என்று எழுதுகிறார்கள். கோபமா சோர்வா என்பதைக் கேட்கிறவரே முடிவு செய்துகொள்ளட்டும். தனியாக எழுதியிருந்தால் அந்தச் சச்சரவே வந்திருக்காது, ஒருவருடைய தீர்ப்பு எல்லோருடைய காதுக்கும் போயிருக்கும்.

ஓர் உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம். வசனத்துக்கு முன்னால் நாலு விநாடி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இப்படி எழுதுகிறார்கள்: "கிழவி ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்க்கிறாள். எதிரே நிற்கும் சிவப்புக் காருக்குள் ஒருவன் காத்திருக்கிறான்." வாய்விட்டுப் படித்தால் ஏழெட்டு விநாடி ஆகிறது. திரையை விலக்கியது வளையங்களின் கிலுகிலுப்பிலேயே தெரிந்துவிட்டது, அதை எடுத்துவிடலாம். 'காத்திருக்கிறான்' என்று யார் சொன்னது? சும்மா உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். காரின் நிறம் எதற்கு என்று ஒருவர் கேட்க, பார்வையற்றவர்தான் விடக்கூடாது என்கிறார். பலர் நடுவயதில் பார்வை போனவர்கள், சிவப்பு என்றதும் அவர்களுக்குச் சிவப்பு தெரியும். பிறவியிலேயே பார்வையில்லாதவருக்கும் சிவப்பு எதைக் குறிக்கும் என்று தெரியும். போதாக்குறைக்கு அந்தக் கார் பின்னால் ஓர் இடத்தில் மறுபடி வருகிறது. மிஞ்சுவது: "தெருவில் சிவப்புக் கார். உள்ளே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்." ஒன்றரை மணி நேரப் படம் முழுக்க இதே கூத்துதான். ஒரு வாரம் போல ஆகிவிடும்.

துப்பறியும் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஜெர்மனியின் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சியில் 1970-இலிருந்து வரும் 'டாட்டோர்ட்' தொடருக்காக, ஞாயிற்றுக்கிழமை இரவு 8.15 மணிக்கு நாடே டிவி முன்னால் இருக்கும். அதற்கும் வர்ணனை உண்டு. இருட்டில் கையுறை போட்ட கை ஒன்று கதவைத் திறக்கிறது. வர்ணனையில் "ஒருவன் நுழைகிறான்" என்று வந்துவிட்டால், சந்தேகப் பட்டியலில் உள்ள பெண்கள் எல்லோரும் அந்த நிமிடமே விடுதலை. "ஓர் உருவம் நுழைகிறது" என்றுதான் வர வேண்டும். பக்கத்து சோபாவில் உட்கார்ந்து கண்ணால் பார்க்கிற தம்பிக்கு எப்போது தெரிகிறதோ, அப்போதுதான் பார்வையில்லாத அக்காவுக்கும் தெரிய வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

எழுத்து முடிந்தபின் நிலைய ஆசிரியர் ஒருமுறை பார்ப்பார். பிறகு ஒலிப்பதிவு. படத்தில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்தால், குழம்பாமலிருக்க ஒரு பெண் குரலைத் தேடுவார்கள். அந்தக் குரல் நடிக்கவும் கூடாது, செய்தி வாசிக்கவும் கூடாது. ஒலிப்பொறியாளர் வர்ணனை வரும்போது பின்னணிச் சத்தத்தைக் கொஞ்சம் தணித்து, முடிந்ததும் பழையபடி ஏற்றுவார். இந்த ஏற்ற இறக்கம் யாருக்கும் தெரியக்கூடாது. வர்ணனை தனி ஒலித்தடத்தில் போவதால், வேண்டியவர் மட்டும் அதைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். கடைசியில் எழுதியவர்களின் பெயரையும் வாசிப்பார்கள். அது எனக்கு மிகவும் பிடித்த வழக்கம்.

பணம்? 2013-க்கு முன்பு ஜெர்மனியில் பார்வையற்றவர்களுக்கு ஒலிபரப்புக் கட்டணமே கிடையாது. அந்த ஆண்டிலிருந்து பெரும்பாலானோர் மூன்றில் ஒரு பங்கு கட்டுகிறார்கள். அதை ஒட்டி நிலையங்கள் வர்ணனையை வெகுவாகக் கூட்டின. இலவசத்தைப் பறித்தது கொடுமை என்று முதலில் தோன்றும். ஆனால் பணம் கட்டினவர் உரிமையோடு கேட்கலாம், அந்த வலு பெரிது.

ஜப்பானில் வேறு வழி: எழுதிய வர்ணனையைப் பார்வையற்றவர்கள் கூடிக் கேட்டு அபிப்பிராயம் சொல்லும் கூட்டம் நடத்துகிறார்கள். நவோமி கவாசே 2017-இல் எடுத்த 'ஹிகாரி' படத்தில் அப்படியொரு கூட்டத்தைப் பார்க்கலாம். எழுதியவள் அவர்கள் எதிரில் தவிப்பது அப்படியே இருக்கும். தேடிப் பாருங்கள்.

செலவைக் குறைக்க நினைக்கிற இடங்களில் முதலில் வெட்டுப்படுவது அந்த மூன்றாவது நாற்காலிதான். ஒருவரே எழுதி, கணினிக் குரலில் வாசிக்கவிட்டு வேலையை முடித்துவிடலாம். குரல் கணினியுடையதாக இருப்பதைக்கூட நான் ஏற்றுக்கொள்வேன். "என்ன அது? கதவா, பீரோவா?" என்று கேட்க ஆளில்லாமல் எழுதுவதை ஏற்க முடியாது.

நமக்கும் இது தூரத்து விஷயமில்லை. திரையரங்குப் படங்களில் பார்வையற்றவர்களுக்கு வர்ணனை, காது கேளாதவர்களுக்கு எழுத்து வடிவ வசனம் ஆகியவற்றுக்கான நெறிமுறைகளை ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2024 மார்ச்சில் வெளியிட்டது. தமிழ்ப் படங்களுக்கு இனி எழுதப்போகிறவர்கள், பட்ஜெட் போடும் அன்றைக்கே பார்வையற்ற எழுத்தாளர் ஒருவரின் சம்பளத்தையும் அதில் சேர்த்துவிட வேண்டும்.