அண்ணன் இந்தியர், தங்கை யார்?

கோவை பூலுவபட்டியிலும் ஈரோடு மாவட்டம் பவானிசாகரிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021ல் தமிழக அரசு அவற்றின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. முகாம் பெண் ஒருத்தி உள்ளூர்ப் பையனைக் கட்டிக்கிட்டா, அந்தக் குடும்பம் சட்டப்படி ஒன்றாகுமா? இதைத்தான் தேடிப் படித்தேன்.

இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கனடா மாதிரி நாடுகளில் குடியுரிமை உள்ளவர் கணவனையோ மனைவியையோ ஸ்பான்சர் செய்து கூப்பிடலாம். இங்கேயும் ஒரு வழி உண்டு: இந்தியரை மணந்தவர் ஏழு வருடம் இங்கே வாழ்ந்தபின் குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம். ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி'க்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் படகேறி வந்தவர்களைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் சிக்கல். 3.12.2004க்கு முன் இங்கே பிறந்திருந்தால், அப்பா இந்தியர் என்பதே போதும். அன்றைக்கோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால், அம்மா சட்டவிரோதக் குடியேறி என்ற காரணத்தாலேயே பிறப்பால் குடியுரிமை கிடையாது. ஆக, 2003ல் பிறந்த அண்ணன் இந்தியர். 2006ல் பிறந்த தங்கை இல்லை. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா!

2019 திருத்தம் மூன்று நாடுகளுக்கு மட்டும். அதில் இலங்கை இல்லை. 2025 செப்டம்பர் ஆணை, 9.1.2015 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. குடியுரிமை தரவில்லை.

யாரும் இவர்களைப் பிரிக்கவில்லைதான். ஆனால் சேர்ந்து வாழ்வதும் சட்டத்தில் சேர்ந்திருப்பதும் வேறு வேறுங்க.