எழுத்துத் தெருவும் ஆளில்லாத் தீவும்

1989இல் கலைஞர் ஜெஃப்ரி ஷா ஒரு சைக்கிளைத் தரையோடு பொருத்திக் கலைக்கூடத்தில் வைத்தார். ஏறி மிதித்தால் எதிர்த் திரையில் மன்ஹாட்டன் தெருக்கள் விரியும். கட்டடங்கள் நிற்க வேண்டிய இடத்தில் மாபெரும் எழுத்துகள். ஒரு நிறத்தைத் தொடர்ந்தால் டாக்ஸி ஓட்டுநரின் கதை. வேறு நிறத்துக்குத் திரும்பினால் நியூயார்க்கின் முன்னாள் மேயர் காச் பேசுவதாக டிர்க் க்ரூனவெல்ட் எழுதிய கற்பனைப் பேச்சு. எழுத்துக்குள் புகுந்தும் போகலாம், முட்டாது. போய்ச் சேர வேண்டிய இடமோ, புள்ளிக் கணக்கோ, தோல்வியோ கிடையாது. இதை ஊடாடும் கலை என்றார்கள்.

அதே ஆண்டில்தான் கேம் பாய் கருவி டெட்ரிஸோடு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அது பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இரண்டுக்கும் நடுவே இருந்த சுவரில் பாதி, பணத்தால் கட்டியது என்றே நினைக்கிறேன். முப்பரிமாண நகரத்தை அந்தந்த நொடியில் வரைந்து காட்டும் கணினியை அன்று எந்த வீடு வாங்கியிருக்கும்?

பிறகு அந்தத் திறன் வீட்டுக் கணினிக்கே வந்துவிட்டது. 2008இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் டான் பின்ச்பெக், ஹாஃப்-லைஃப் 2 என்ற சுடும் விளையாட்டின் மென்பொருளை எடுத்துத் துப்பாக்கியை நீக்கினார். மிஞ்சியது ஸ்காட்லாந்துப் பக்கத்து ஆளில்லாத் தீவு ஒன்றும், கடிதத் துணுக்குகளை வாசிக்கும் ஒரு குரலும். எந்தத் துணுக்கு ஒலிக்கும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 'டியர் எஸ்தர்' என்ற இது 2012இல் தனி விளையாட்டாகவே விற்பனைக்கு வந்தது. வெறும் நடை, இதில் விளையாட்டு எங்கே என்று ஆட்டக்காரர்கள் சிலர் எரிச்சல்பட்டார்கள்.

ஷாவின் நகரம் வீட்டுக்கு வந்த கதை இது. ஆனால் கால்களை வழியில் விட்டுவிட்டு வந்தது. அங்கே மெல்ல மிதித்தால் வாசிக்கலாம், விரட்டினால் வரி நழுவும். தீவில் ஓடவே முடியாது. விசையை அழுத்தினால் ஒரே நடைதான். எனக்கு இது இழப்பாகவே படுகிறது.

அதே 2012இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 14 கணினி விளையாட்டுகளைத் தன் தொகுப்பில் சேர்த்தது. அவற்றில் டெட்ரிஸும் ஒன்று. கார்டியன் இதழின் ஜோனதன் ஜோன்ஸ் இதை மறுத்தார்: கலை ஒருவரின் உள்மனத்திலிருந்து வருவது, விளையாட்டோ ஆடுபவர் கையில் மாறிக்கொண்டே இருப்பது, அதற்கு உரிமையாளர் இல்லை என்பது அவர் வாதம். அந்தக் கணக்கில் பார்த்தால் சைக்கிளில் ஏறியவர் திரும்பிய பக்கமெல்லாம் திரும்பிய ஷாவின் நகரமும் தேறாது.