மூச்சு விடும் குழாய்

மும்பை மாதுங்காவின் பழைய கட்டடங்களின் பின்சுவரில், கழிவுக் குழாய்களை ஒட்டி ஒரு குழாய் மொட்டை மாடியையும் தாண்டி வாய் திறந்து நிற்கும். தண்ணீர் போகாத குழாய்தானே என்று அதை அலட்சியமாக நினைப்பவர்கள் உண்டு.

விஷயம் தரையில் இருக்கிறது. மும்பைக்காரர்கள் 'நஹானி டிராப்' என்றும் தமிழ்நாட்டு பிளம்பர்கள் 'நானி டிராப்' என்றும் சொல்லும் வளைவில் சுமார் 50 மி.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். சாக்கடை வாயுவைத் தடுக்கும் கதவு அதுதான். மேல் மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது, பாயும் நீர் பின்னாலிருந்து காற்றை இழுக்கும். காற்றுக்குழாய் இல்லையென்றால் டிராப்பின் தண்ணீரே உறிஞ்சப்பட்டுவிடும்.

விளைவு வெறும் நாற்றம் மட்டுமல்ல. 2003-ல் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிகளில் 300-க்கும் அதிகமானோரை சார்ஸ் தாக்கியது. கிருமி பரவிய வழிகளில் ஒன்றாக விசாரணை சுட்டிக்காட்டியது, வறண்டுபோன தரை டிராப்புகளை.

தாராவியில் வீட்டு மூலையில் 'மோரி'. கழிப்பறைக்குப் பலருக்கும் பொது வரிசை. மறுசீரமைப்பில் தகுதியுள்ளோருக்குச் சொந்தக் கழிப்பறையுடன் 350 சதுர அடி வீடு என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே குடியேறுபவரும், செம்பூரில் பழைய ஃப்ளாட்டைப் புதுப்பிப்பவரும் டைல்ஸ் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது: காற்றுக்குழாய் எங்கே?

மே விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பினால் முதல் வேலை, டிராப்பில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவது.