கோபம் வந்தால் பத்தே அடி!

பந்து ஓடவில்லை. எதிராளி வந்து இடிக்கவில்லை. புல்தரையில் சும்மா உட்கார்ந்திருக்கிற பந்தை அடிப்பதற்கு இவர்களுக்கு என்ன அப்படி டென்ஷன்? டி.வி.யில் கோல்ஃப் பார்க்கிற பலரும் கேட்கிற கேள்வி இது. உங்களுக்கும் தோன்றியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 18 குழிகள் கொண்ட ஒரு சுற்றை ஆடி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொழில்முறை வீரர் ஒருவர் அதில் சுமார் 70 தடவை பந்தை அடிப்பார். ஒரு வீச்சுக்கு இரண்டு வினாடி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தமே இரண்டரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். மீதி நேரம்? நடை, காத்திருப்பு, யோசனை. அதாவது நாலு மணி நேரமும் அவர் தன் மனசோடுதான் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறார். ஃபுட்பால் என்றால் கோபத்தை ஓடித் தீர்த்துவிடலாம். இங்கே அதற்கு வழியில்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கோபம் வந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோளும் முன்கையும் இறுகுகின்றன. சண்டை போடவும் தப்பி ஓடவும் இயற்கை செய்து வைத்த ஏற்பாடு இது. ஆனால், நாலேகால் அங்குல அகலமுள்ள குழிக்குள் பந்தை மெல்லத் தட்டிவிட வேண்டிய விரல்களுக்கு இதுவே விரோதி. மட்டையை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு சுழலாது, பந்து திசை மாறும். அதைப் பார்த்து இன்னும் கோபம், இன்னும் இறுக்கம். ஒரு தப்பு மூன்று தப்பாவது இப்படித்தான்.

இளம் வயதில் இது கூடுதலாக இருக்கும். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிற மூளையின் முன்பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிவிடுகிறது. கை இருபதிலேயே தேறிவிடுகிறது, கடிவாளம் பின்னால்தான் வருகிறது! அதிலும் திறமைசாலிப் பிள்ளைகள் சின்ன வயசிலிருந்தே ஜெயித்துப் பழகியவர்கள். தோல்வியை எப்படி விழுங்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

கிழிந்தது ஸ்கோர் கார்டு மட்டுமா?

அமெரிக்காவின் பாபி ஜோன்ஸ், 14 வயதிலேயே தேசியப் போட்டியில் ஆடிய மேதை. கடைசிவரை அமெச்சூராகவே இருந்தவர். 1921-ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் ஆடியபோது அவருக்கு 19 வயது. மூன்றாவது சுற்றில், மணல் குழியில் விழுந்த பந்தை வெளியே எடுக்க முடியாமல் திணறினார். வந்ததே கோபம்! போட்டியையே பாதியில் கைவிட்டுவிட்டார். பின்னாளில் இதற்காக அவர் ரொம்பவும் வருந்தினார், தன்னைத் திருத்திக்கொண்டார். 1927-ல் அதே மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை ஜெயித்தார். 1930-ல், அன்றைய நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே வருஷத்தில் வென்றார். 1958-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரமே அவருக்குக் கௌரவக் குடியுரிமை தந்தது. 1921-க்கும் 1958-க்கும் நடுவே மைதானம் மாறவில்லை, மனிதர் மாறியிருந்தார்.

இன்றைய உதாரணம் ஸ்பெயினின் ஜான் ராம். 2017 யு.எஸ். ஓப்பனில் 22 வயது ராம் மட்டையை வீசி எறிந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. மனப்பயிற்சியாளர் ஒருவரின் துணையோடு அவர் தன் கோபத்தைப் பழக்கினார். சோதனை வந்தது 2021 ஜூனில். ஒஹையோவில் நடந்த மெமோரியல் போட்டியில் மூன்றாம் சுற்று முடிந்தபோது ஆறு அடி முன்னிலை, கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். அந்த நிமிஷம் 'உங்களுக்குக் கொரோனா' என்று சொல்லி வெளியேற்றினார்கள். பழைய ராமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவர் தனிமையில் இருந்து திரும்பி, இரண்டே வாரத்தில் யு.எஸ். ஓப்பனை வென்றார். அதற்காக அவர் சாந்தசொரூபி ஆகிவிடவில்லை. இன்றும் முகம் சிவக்கும். சுபாவத்தை முழுசாக மாற்றுவது எளிதல்ல. கோபம் வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதை மாற்றலாம்.

ரோரி மெக்கில்ராயையும் கேளுங்கள். 2011 மாஸ்டர்ஸின் கடைசி நாளை நாலு அடி முன்னிலையோடு தொடங்கிய அந்த 21 வயதுப் பையன், 80 அடிகள் எடுத்துச் சரிந்தார். இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் மாஸ்டர்ஸ் கைக்கு வர 2025 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றும் முதல் குழியிலேயே இரண்டு அடி இழந்தார். இந்தத் தடவை சரியவில்லை. கூடுதல் குழியில் ஜெயித்தார்.

அவர்கள் செய்வது என்ன?

* பத்து அடி விதி: தப்பாக அடித்தால் பத்து அடி நடக்கும்வரை கோபப்படலாம், மனசுக்குள் திட்டலாம். பதினோராவது அடியில் அது முடிந்த கதை. கோபத்தை அமுக்குவதில்லை, எல்லை கட்டுகிறார்கள்.

* நீண்ட மூச்சு: உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாகச் செய்வார்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் இதயத் துடிப்பு தணியும்.

* ஒரே சடங்கு: ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அதே பார்வை, அதே ஒத்திகை வீச்சு. மனசு பழைய தப்புக்கு ஓடாமல் இருக்க இது ஒரு முளைக்குச்சி.

* வயிறும் தூக்கமும்: பசியும் தாகமும் தூக்கக் குறைவும் எரிச்சலைக் கிளப்பும். ஆட்டத்தின் நடுவே பழமோ பருப்பு வகையோ சாப்பிடுவது இதற்காகவும்தான்.

சரி, நம் வீட்டுக்கு இதில் என்ன?

உங்கள் பிள்ளை ஆடுவது செஸ்ஸாக இருக்கலாம், டென்னிஸாக இருக்கலாம். தோற்றுவிட்டு வரும் பிள்ளை முதலில் பார்ப்பது ஸ்கோரை அல்ல, உங்கள் முகத்தை! வீடு வந்து சேர்வதற்குள், "அந்த ஒரு பாயிண்ட்டை ஏம்மா விட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதலில் சாப்பாடு, பிறகு தூக்கம், விசாரணை மறுநாள். கோபம் வந்ததற்காகத் திட்டாதீர்கள். பொருளை உடைத்தால், பிறரைத் திட்டினால், கண்டியுங்கள். இரண்டும் வேறு வேறு.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, பிடித்த ஆட்டமே வெறுத்துப்போகிறது, தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது என்றால் அதை 'திமிர்' என்று தள்ளிவிடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உலக சாம்பியன்களே ஆள் வைத்துக் கற்றுக்கொள்கிற பாடம்தானே இது!

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். புத்தி எங்கும் போய்விடுவதில்லை, பத்து அடி பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும்வரை கொஞ்சம் நடந்தால் போதும்.