பேஸ் ஆம்ப்ல வர்ற ‘ம்ம்ம்’: திறக்கறதுக்கு முன்னாடி கேளுங்க

பேஸ் கிட்டார் ஆம்ப்ல இரைச்சல் வந்தா, மேடைப் பக்கம் கிடைக்கிற முதல் வைத்தியம் இதுதான்: “பிளக்ல இருக்கிற எர்த் பின்னைக் கழட்டிடு.” பல சமயம் சத்தம் நின்னும் போகும். அதனாலதான் இந்த வைத்தியம் இன்னும் புழக்கத்துல இருக்கு. இது ஏன் கூடாதுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, சத்தம் எங்கிருந்து வருதுன்னு ஆம்பைத் திறக்காமலே எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு பார்ப்போம்.

முதல்ல காது

நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள்ள ரெக்டிஃபையர் அதை டி.சி.யா மாத்தும்போது மிச்சமிருக்கிற அலை 100 ஹெர்ட்ஸ். ஆக, இரைச்சல் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணு. எதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது.

இதுக்குக் கருவி பேஸ்லயே இருக்கு. தடிச்ச ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். மெலிசான ஜி கம்பியைப் பிடிக்காம மீட்டினா 98 ஹெர்ட்ஸ். சுருதி சேர்த்துட்டு ரெண்டையும் மெதுவா வாசிச்சு, இரைச்சலோட ஒப்பிட்டுப் பாருங்க. கிட்டத்தட்ட ஒண்ணா சேர்ந்து, அலை அலையா ஏறி இறங்குற சத்தம் எதுல கேட்குதோ, அதுதான் உங்க இரைச்சல். 50-ன்னா கிட்டார், கேபிள், எர்த் பக்கம் சந்தேகப்படணும். 100-ன்னா பவர் சப்ளை பக்கம். இது தீர்ப்பு இல்லை, துப்பு மட்டும்தான். ஹம்மோட ‘ஜிர்ர்’னு கூர்மையான சத்தமும் சேர்ந்து வந்தா, பக்கத்துல டிம்மர், டியூப்லைட் சோக், மலிவான சார்ஜர் ஏதாவது இருக்கான்னு அணைச்சுப் பாருங்க.

அடுத்து, ஒவ்வொண்ணா கழட்டணும்

1. ஆம்போட இன்புட்ல இருந்து கேபிளை உருவுங்க. சத்தம் நின்னா குற்றம் வெளியில, அதாவது கேபிள்ல இல்ல கிட்டார்ல. வேற கேபிள் போட்டுப் பார்க்கறது ரெண்டு நிமிஷ வேலை.

2. நிக்கலையா? வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாங்க. சத்தம் குறைஞ்சா கோளாறு அந்தக் குமிழுக்கு முன்னாடி, ப்ரீஆம்ப் பகுதியில. கொஞ்சமும் அசையலைன்னா பவர் சப்ளை, இல்ல பவர் ஆம்ப். பழைய ஆம்ப்ல 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் மாசக்கணக்கில மெல்ல மெல்ல ஏறிட்டே வந்திருந்தா, ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். அதை நீங்களே மாத்தப் போகாதீங்க. வால்வு ஆம்ப்ல பிளக்கை உருவின பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்ல 400 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். விஷயம் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடுங்க.

3. குமிழைத் திருப்பும்போது மட்டும் ‘கரகர’ன்னா அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் போதும். எப்பவும் ‘உஸ்ஸ்’னு மெல்லிசா வந்தா அது கெய்ன் கூடினதோட இயல்பு.

கிட்டார்தான்னு தெரிஞ்சா

நின்ன இடத்துலயே மெல்லத் திரும்புங்க. ஒரு திசையில சத்தம் குறைஞ்சா, பிக்கப் சுருள் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரோட காந்தப்புலத்தை வாங்குது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இது பிறவிக் குணம். ஃபெண்டர் 1957-ல ப்ரிசிஷன் பேஸோட பிக்கப்பை ரெண்டு துண்டா மாத்தினப்போ இந்த ஹம் அதுல அடங்கிடுச்சு. இன்னைக்கு வர்ற ஜாஸ் பேஸ்ல ரெண்டு பிக்கப்பும் எதிரெதிராச் சுத்தியிருக்கும். ரெண்டு வால்யூமையும் சமமா வெச்சா ஹம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும்.

கம்பியைத் தொட்டா சத்தம் குறையுதா? பயப்பட வேண்டாம், பிரிட்ஜ் வயர் சரியா இருக்குன்னு அர்த்தம். தொட்டா கூடுதுன்னா எங்கேயோ எர்த் விட்டுப் போயிருக்கு.

மிக்சரோட இணைச்சா மட்டும் வர்ற ஹம்

தனியா வாசிக்கும்போது சுத்தமா இருந்து, மிக்சருக்கு லைன் குடுத்ததும் 50 ஹெர்ட்ஸ் வந்தா அது கிரவுண்ட் லூப். ஆம்ப் ஒரு பிளக்ல, மிக்சர் வேற பிளக்ல எர்த் ஆகியிருக்கு. கேபிளோட ஷீல்டு அந்த ரெண்டையும் சேர்த்து ஒரு வளையமாக்கிடுது. எர்த் பின்னைக் கழட்டினா வளையம் அறும், சத்தமும் நிக்கும். நம்ம ஆட்களோட வைத்தியம் பலிக்கிற ரகசியம் இதுதான்.

ஆனா கூடவே என்ன அறுந்துபோச்சு? கிட்டார் கம்பி, பிரிட்ஜ் வயர், கேபிள் ஷீல்டு, ஆம்ப் சேஸிஸ் எல்லாம் ஒரே தொடர். உள்ள ஃபேஸ் வயர் சேஸிஸைத் தொட்டா, எர்த் இருந்தா ஃபியூஸ் போகும், இல்ல டிரிப் ஆகும். எர்த் இல்லைன்னா உங்க விரலுக்குக் கீழே 230 வோல்ட். உதடு மைக்ல பட்டா, அது மிக்சர் வழியா எர்த் ஆனது, மின்சாரம் மார்பு வழியாப் போகும். 1972-ல ஸ்டோன் த க்ரோஸ் குழுவோட கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, வேல்ஸ்ல ஸ்வான்சீ மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கும் கிட்டாரும் ஒரே நேரத்துல கையில.

வளையத்தை அறுக்க வேண்டிய இடம் சிக்னல் கேபிள். டி.ஐ. பாக்ஸ்ல ‘கிரவுண்ட் லிஃப்ட்’னு ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டுங்க. இல்லைன்னா ஆம்பையும் மிக்சரையும் எர்த் உள்ள ஒரே ஸ்ட்ரிப்ல இருந்து எடுங்க.

மைக்கைத் தொடும்போது ‘சுருக்’னு வந்தா, சத்தம் இருக்கோ இல்லையோ, வாசிப்பை நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஹம்மோட ஒரு கச்சேரியை ஓட்டிடலாம். எர்த் இல்லாம ஒரு பாட்டுகூட வேண்டாம்.