மைந்தரின் வாத்தியக் கோஷ்டியும் தந்தையின் செவியும்

பெற்ற பிள்ளையின் குதலைமொழிக்கு முன் இன்னிசைக் கருவிகளும் தோற்கும் என்பது வள்ளுவனார் துணிபு. அப்பிள்ளை பதினாறு பிராயமெய்தி, மின்சாரக் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு உரத்துப் பாடத் தொடங்குங்கால் பெற்றோரின் செவி எந்நிலையில் நிற்கும் என்பதை அப்பெரியார் கூறாது விட்டார். அதனை ஆராய்தற்கு ஏதுவான நிகழ்ச்சி ஒன்று சென்ற ஆண்டு எமக்கு நேர்ந்தது.

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் வழியில் தென்னந்தோப்பு உடைய நண்பர் ஒருவர் உளர். அவர் மைந்தனும் அவனொடு பயிலும் மூவரும் சேர்ந்து ‘ராக்’ வாத்தியக் கோஷ்டி ஒன்று அமைத்து, தோட்டத்துச் சாளையில், கொப்பரை மூட்டைகளுக்கு நடுவே, மாலைதோறும் பயின்று வந்தனர். நண்பர் தம் கைப்பேசியில் பதிந்திருந்த மூன்று பாடல்களை எமக்குக் கேட்பித்து, “ஏனுங்க, பையன் எப்படி வாசிக்கறானுங்க? உள்ளது உள்ளபடி சொல்லுங்க” என்றார். அவர் முகத்தை நோக்கியபோது, அவர் வேண்டியது அபிப்பிராயமன்று, ஆசீர்வாதமே என்பது புலனாயிற்று. யாமும் “அருமை” என்று ஒரு சொல் கூறி மீண்டோம். வீடு சேர்ந்த பின் அச்சொல் எம்மை உறுத்தியது. கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் வாடகைக்கு அமர்த்தப்போவதாகவும், அதற்கு எம் சொல்லையே சான்றாகக் கொண்டதாகவும் அறிந்தபோது உறுத்தல் அச்சமாக மாறிற்று.

அச்சத்தின் காரணத்தைக் கூறுமுன் இவ்விசையின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். ராக் சங்கீதம் 1950-களில் அமெரிக்க நாட்டில் உருப்பெற்றது. ஆங்குள்ள கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ பாட்டும், கிராமத்து வெள்ளையரின் ‘கன்ட்ரி’ பாட்டும் கலந்து, மின்சாரத்தால் ஒலி பெருக்கப்பட்ட கித்தாரொடு கூடிப் பிறந்தது இது. சிறு கோஷ்டிக்கு முரசுத் தொகுதி, பேஸ் கித்தார், கித்தார், குரல் என்னும் நான்கும் போதும். நம் நாதசுர மேளத்தை நினைத்துக்கொண்டால் இதன் இலக்கணம் எளிதில் விளங்கும். நாதசுரக்காரர் எத்துணை வல்லராயினும் தவிற்காரரின் காலப்பிரமாணம் பிறழுமாயின் கச்சேரி கெடுமன்றோ? அங்ஙனமே இங்கும் முரசு தளருமாயின் ஏனைய மூன்றும் தளரும். காவடியாட்டத்திற்கு முழங்கும் ஜமாப்பைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்த கொங்கு நாட்டார்க்கு இது புதிதன்று. அவர்தம் காலே அடி பிசகுவதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பேஸ் கித்தார் என்பது நான்கு தடித்த நரம்புகளை உடையது. சாதாரணக் கித்தாரின் கீழ்நான்கு நரம்புகளினும் ஒரு ஸ்தாயி தாழ்ந்து ஒலிப்பது. முரசின் அடியையும் கித்தாரின் சுரத்தையும் இணைக்கும் பாலம் அதுவே. கேட்போர் அதனைத் தனித்து உணர்வதில்லை. அது நின்றுவிட்டால் மட்டும், ஏதோ குறைந்தது என்பர். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி இத்தாழ்ந்த ஒலியைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆதலின் தந்தையர் கைப்பேசியில் கேட்பித்து அபிப்பிராயம் கேட்பது, கோஷ்டியில் ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு மற்ற மூவரைப் பற்றிக் கேட்பதை ஒக்கும்.

இனி, எம் அச்சத்திற்கு வித்திட்ட வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தைச் சேர்ந்த ஃபிரீமான்ட் என்னும் சிற்றூரில் ஆஸ்டின் விக்கின் என்பார் ஒருவர் வாழ்ந்தார், பஞ்சாலைத் தொழிலாளி. (கோவை ஜில்லாவினர்க்கு இத்தொழில் அயலன்று.) அவர் பாலராய் இருந்தபோது அவர் அன்னை கைரேகை பார்த்து, அவருக்குப் பிறக்கும் புதல்வியர் புகழ்பெற்ற இசைக்குழு அமைப்பர் என்று கூறினாராம். அன்னை கூறிய பிற குறிகள் பலித்துவிட்டமையால், இதனையும் பலிக்கச் செய்தல் தம் கடன் என அவர் கொண்டார். டாட், பெட்டி, ஹெலன் என்னும் மூன்று புதல்வியரையும் பள்ளியினின்று நிறுத்தி, கருவிகள் வாங்கித் தந்து, நாள்தோறும் பயிற்சிக்கு வேளை குறித்தார். 1968 முதல் சனிக்கிழமைதோறும் ஊர் மண்டபத்தில் அவர்கள் வாசித்தனர். ஊர்ப் பிள்ளைகள் ஏளனம் செய்ததும் உண்டு. ‘தி ஷாக்ஸ்’ என்பது குழுவின் பெயர்.

1969-இல் தந்தையார் அவர்களை மாசசூசெட்ஸ் மாகாணத்து ரெவியர் நகரிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்திற்கு அழைத்துச் சென்றார். பெண்கள் இன்னும் ஆயத்தமாகவில்லை என்று ஆங்கிருந்தோர் குறிப்பால் உணர்த்தியும் அவர் கேட்டிலர். சூடு ஆறுமுன் பதிந்துவிட வேண்டும் என்றாராம். வெளிவந்த இசைத்தட்டில் கித்தார் குரலின் பின்னே சுரத்துக்குச் சுரம் ஓடுகிறது. முரசோ வேறோர் பாட்டுக்கு வாசிப்பதுபோல் தன் வழியே செல்கிறது. ஆயிரம் படிகள் அச்சிட்டதில் நூறளவே கைக்கு வந்தன என்பர். 1975-இல் தந்தையார் காலமானார். அதனோடு குழுவும் கலைந்தது. 1980-இல் அத்தட்டு மறுபதிப்புப் பெற்று, அதன் விசித்திரத்தன்மைக்காகவே உலகப் புகழ் எய்தியது வேறு கதை. அப்புகழில் பாதி நகைப்பு என்பதை மறைத்தற்கில்லை. எம் மனத்தை வருத்துவது யாதெனில், அந்நெடுங்காலம் முழுதும் கோஷ்டியைப் பற்றிய கேள்விகள் யாவும் தந்தையிடத்தே தொடங்கித் தந்தையிடத்தே முடிந்தன; முரசு வாசித்த ஹெலனை யாரும் எதுவும் கேட்டதாகத் தோன்றவில்லை.

நேர்மாறான செய்தியொன்று சென்னையில் உண்டு. திரைப்பட இசைவாணர் ஆர். கே. சேகர் 1976-இல் மறைந்தபோது அவர் மகனுக்கு வயது ஒன்பது. அன்னையார் கணவரின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்தார். மகன் இளமையிலேயே திரைப்பட வாத்தியக் குழுக்களில் வாசிக்கச் சென்றான். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மேனிலைப் பள்ளியில் பயில்கையில் உடன்மாணவரொடு கோஷ்டி அமைத்தான். சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோருடன் ‘ரூட்ஸ்’ என்னும் குழுவிலும் வாசித்தான். 1992-இல் ‘ரோஜா’ படத்திற்கு இசையமைத்த ஏ. ஆர். ரஹ்மான் அவனே. பள்ளியை விடுத்தது அங்கும் உண்டு. ஆயினும் அது அன்னையொடு கலந்து மகன் செய்த முடிவு. அன்றியும், சம்பளத்திற்கு வாசிப்பவனுக்கு அபிப்பிராயம் தேடி வரும். ஒருவன் பிசகினால் கூடத்திலுள்ளார் அனைவரும் அப்பகுதியை மறுபடி வாசித்தல் வேண்டும். அதனினும் கடுமையான விமர்சனம் உண்டோ?

ஆங்கிலக் கோஷ்டியாகிய பீட்டில்ஸில் இருந்த பால் மெக்கார்ட்னியின் தந்தையார் தாமே 1920-களில் வாத்தியக் குழு நடத்தியவர். மகன் பாட்டில் ‘ஆம்’ என்பதற்குக் கொச்சைச் சொல் பயில்வதைக் கேட்டு, அதனைத் திருத்தமாகப் பாடலாகாதா என்றாராம். இசையறிந்தவர்க்கும் மகன் பாட்டில் இலக்கணப்பிழையே முதலில் கண்ணிற்படுகிறது!

ஓசை மிகுதி பற்றியும் ஒரு சொல். 85 டெசிபல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும் என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சியாளர் வரையறுத்துள்ளனர். அக்கணக்கின்படி 100 டெசிபலுக்குக் காலவரம்பு பதினைந்து நிமிடமே. தகரக் கூரையிட்ட சாளையில் மாலை முழுதும் பயிலும் பிள்ளைகட்குக் காதடைப்பான் வாங்கித் தருதல் கித்தார் வாங்கித் தருவதினும் முந்திய செலவாகும்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் மறுபடியும் தோப்புக்குச் சென்றோம். நண்பரிடம் முன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூன்றாம் பாட்டில் முரசு முந்தி ஓடுகிறது, மற்ற மூவரும் அதனைத் துரத்துகின்றனர் என்றோம். அவர் சிறிது நேரம் இளநீர் சீவுகிறவனையே பார்த்திருந்தார். பிறகு, “இத அவங்ககிட்டயே சொல்லிப்போடுங்க” என்று கூறிச் சாளையின் கதவைத் திறந்துவிட்டு, தாம் உள்ளே வராமல் வரப்பின் மேல் நடந்து சென்றார். முரசு வாசிக்கும் பையன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, “எந்த எடத்துல ஓடுனேனுங்க?” என்று கேட்டான்.